லோக்கல் செட்டப்: டேட்டாபேஸில் இருந்து தொடங்குங்கள்

புதிதாகக் கைக்கு வந்த ஒரு வெப் ப்ராஜெக்டை ஒருவழியாக லேப்டாப்பில் ஓட வைத்தாயிற்று. பின்னால் சர்வர் வேலைக்கு ஜாங்கோ, முன்னால் பிரவுசரில் தெரியும் பக்கங்களுக்கு ரியாக்ட், டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ். அடுத்து இதே வேலையில் உட்காரப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு சர்வீஸையும் கண்டெய்னர் என்ற தனிச் சூழலில் வைத்து ஒன்றாக ஓட்டும் டாக்கர் கம்போஸில், ஒரே கமாண்டில் எல்லாம் எழுந்துவிடும் என்று ப்ராஜெக்டின் குறிப்பு ஃபைலான ரீட்மீயில் இருந்தது. அப்படி ஓடவிட்டால் எல்லா சர்வீஸின் லாகும் ஒன்றோடொன்று கலந்து ஓடுகிறது, எது முதலில் விழுந்தது, எது அதனால் விழுந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டேட்டாபேஸை மட்டும் தனியாக எழுப்பினேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: அடியில் இருப்பது முதலில் நிற்கட்டும், அது பதில் சொன்ன பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

அதிக நேரம் போனது பாஸ்வேர்டில்தான். செட்டிங்குகள் இருக்கும் என்வ் ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றி கண்டெய்னரை மறுபடி ஸ்டார்ட் செய்தாலும் ஜாங்கோவுக்கு அனுமதி மறுப்புதான். ஆனால் போஸ்ட்கிரெஸ் கண்டெய்னருக்குள் போய் அதன் கமாண்ட் டூலான பிஎஸ்க்யூஎல் திறந்தால் தாராளமாக உள்ளே விடுகிறது! காரணம் இரண்டு. போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) அந்தப் பாஸ்வேர்டைப் படிப்பது டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான். அந்த டேட்டாவைச் சேமித்து வைக்கும் வால்யூம் ஒருமுறை உருவாகிவிட்டால் அப்புறம் என்வ் ஃபைலில் என்ன எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. இன்னொன்று, கண்டெய்னருக்குள்ளிருந்தே வரும் இணைப்புக்கு அந்த இமேஜ் பாஸ்வேர்டே கேட்பதில்லை, அதனால் உள்ளே நுழைய முடிந்ததை வைத்து பாஸ்வேர்டு சரிதான் என்று நம்பிவிடக் கூடாது. டேட்டா எதுவும் வேண்டாம் என்றால் வால்யூமை அழித்துவிட்டு மறுபடி எழுப்புங்கள், வேண்டும் என்றால் உள்ளே போய் ஆல்டர் யூசர் என்ற கமாண்ட் கொடுத்து பாஸ்வேர்டை மாற்றினால் போதும்.

டேட்டாபேஸ் ஹோஸ்ட் பெயரையும் பாருங்கள். ஜாங்கோவும் கண்டெய்னரில் ஓடினால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கண்டெய்னரையே குறிக்கும், போஸ்ட்கிரெஸை அல்ல. கம்போஸ் ஃபைலில் இருக்கும் சர்வீஸ் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

ஜாங்கோ ஓடும் பைத்தானில் ஒரு பழைய பேக்கேஜ், பைத்தானோடு முன்பு வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை என்று சொல்லி நின்றது. 2023இல் வந்த பைத்தான் 3.12இல் அதை எடுத்துவிட்டார்கள். பைத்தான் வெர்ஷனை மாற்ற உதவும் பைஎன்வ் வழியாக 3.11 போட்டதும் சரியாகிவிட்டது. ரியாக்டுக்குத் தேவையான நோட்.ஜேஎஸ் பக்கம் தொந்தரவே இல்லை, எந்த வெர்ஷன் வேண்டும் என்று சொல்லும் வெர்ஷன் ஃபைலும், பேக்கேஜ்களின் வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் லாக் ஃபைலும் ரெப்போவிலேயே இருந்தன. அவற்றைப் போட்டு வைத்தவருக்கு மனதார நன்றி.

கடைசியாக லாகின். சர்வர் 200 (வெற்றி) என்று பதில் கொடுக்கிறது, அடுத்த பக்கம் போனால் லாகின் செய்யச் சொல்கிறது. பிரவுசரின் நெட்வொர்க் டேபில் பார்த்தால் அடுத்த ரிக்வெஸ்டில், லாகின் செய்தவர் யார் என்று சர்வருக்குச் சொல்லும் செஷன் குக்கி போகவே இல்லை. ரியாக்ட் லோக்கல்ஹோஸ்ட் 5173இல் இருக்க, ஏபிஐ முகவரி 127.0.0.1, போர்ட் 8000 என்று எழுதியிருந்தது. இரண்டும் ஒரே மெஷின்தான், ஆனால் பிரவுசருக்கு இவை வேறு வேறு தளங்கள். ஜாங்கோவின் செஷன் குக்கியோ இயல்பாகவே சேம்சைட் லாக்ஸ் என்ற கட்டுப்பாட்டோடு வருகிறது, வேறு தளத்தில் இருந்து ஸ்கிரிப்ட் அனுப்பும் ஃபெட்ச் ரிக்வெஸ்டோடு அது சேராது. இரண்டு பக்கமும் லோக்கல்ஹோஸ்ட் என்றே மாற்றினேன், லாகின் நிலைத்தது. பாஸ்வேர்டு, ஹோஸ்ட், இந்த முகவரி மூன்றையும் ரீட்மீயில் சேர்த்து, அதை ஏற்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் போட்டிருக்கிறேன்.