பச்சை லைட்டும் பாதித் தாளும்

பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கத் திகதி எடுத்திருக்கிறீர்களா? அதற்கு முன் குடலைச் சுத்தம் செய்வது எப்படி என்று கவுண்டரில் தரும் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எனக்குத் தந்தது போட்டோகொப்பி. ஒரிஜினல் இரண்டு பக்கம், அடித்துத் தந்தது முன்பக்கம் மட்டும். கீழே ஓரத்தில் 1/2 என்று இருந்ததைக் காட்டிக் கேட்டேன். "அது போர்ம் நம்பர் ஐயா" என்றார் கவுண்டரில் இருந்தவர், தலையை நிமிர்த்தாமலே.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் போகிறது என்று டெஸ்டில் வந்தது, ஹீமோகுளோபினும் குறைவு. திருகோணமலையில் பார்த்த டொக்டர், என்பிஐ லைட், அதாவது இரத்தக் குழாய்களை எடுத்துக் காட்டும் பச்சை நீல லைட் உள்ள மெஷினில் செய்தால் நல்லது என்று கண்டிப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குத் துண்டு எழுதித் தந்தார். துண்டு, திகதி எல்லாம் சுலபமாகக் கிடைத்தன.

முன்பக்கத்தில் இருந்தபடி முதல் நாள் பின்னேரம் பேதி மருந்தைக் குடித்து முடித்து, விடிய முன் வெளிக்கிட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மேசையில் படுக்க வைத்து லேசான ஊசிதான் போட்டார்கள், திரை நன்றாகத் தெரிந்தது. டொக்டர் ஸ்கோப்பின் பிடியில் இருந்த பட்டனை அழுத்தினார், படம் பச்சை நீலமாக மாறி நடுவில் அங்கங்கே சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது. இரத்தமா டொக்டர் என்று பதறிப்போய்க் கேட்டேன். இல்லையாம். இந்த லைட்டில் பித்தமும் மிச்சக் கழிவும்தான் சிவப்பாகத் தெரியும், இரத்தம் என்றால் கறுப்பாக இருக்கும் என்றார். "விடியப்புறம் குடிக்க வேண்டிய மற்றப் பாதியைக் குடிக்கவில்லையா?" அந்தப் பாதி இருந்தது பின்பக்கத்தில்! குடல் சுத்தமில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று எழுப்பி விட்டார்கள். திரும்பி வரும்போது கந்தளாய் தாண்டும் வரை நான் யாருடனும் வாய் திறக்கவில்லை.

திருகோணமலையில் இருந்து போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மருந்தின் இரண்டாம் பாதியை டெஸ்டுக்கு நாலைந்து மணித்தியாலத்துக்கு முன்னர் தொடங்க வேண்டும், அதைக் குடித்துவிட்டு பஸ்ஸில் ஏறவே முடியாது. ஆகவே முதல் நாளே போய் மருத்துவமனைக்குக் கிட்ட, கக்கூஸ் ஒட்டின அறையாகப் பார்த்து எடுங்கள், காசைப் பார்க்க வேண்டாம். மருந்து உப்புக் கரிக்கும், குளிர வைத்தால் கொஞ்சம் இறங்கும். நெக்டோ மாதிரிச் சிவப்புப் பானம் எதுவும் கூடாது. கடைசியில் மஞ்சள் தண்ணீர் மாதிரித் தெளிவாகப் போனால் சரி. அப்புறம், இருதயத்துக்கு, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் க்ளோபிடோகிரல் எடுக்கிறவர்கள் அதை நிறுத்துவதா இல்லையா என்று இருதய கிளினிக்கில் கேட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், தாங்களாக நிறுத்த வேண்டாம். அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவரைக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், அவர் அனுராதபுரத்தில் இருந்து வந்தவர்.

அடுத்த முறை குடல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஸ்கோப்பை மெல்ல மெல்ல வெளியே இழுத்துக்கொண்டு வரும்போது வலப்பக்கக் குடலில் ஒரு இடத்தில் டொக்டர் நின்றார். சாதாரண வெள்ளை லைட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சுற்றிவர எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. பட்டனை அழுத்தினதும் அதே இடத்தில் தட்டையாக ஒரு கபிலத் திட்டு, அதற்குள் மெல்லிய கருங்கபில நரம்புகள் வலை பின்னின மாதிரி. அந்த லைட்டில் 415, 540 நனோமீற்றர் அலைநீளத்தில் நீலமும் பச்சையும் மட்டும்தான் போகுமாம். இரண்டையும் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சிவிடும், அதனால் குடல் சுவரின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கபிலமாகவும் ஆழத்தில் உள்ளவை பச்சை நீலமாகவும் எடுத்துக் காட்டும். கட்டி வளரும் இடத்தில் குழாய்கள் நெருக்கம் என்பதால் திட்டே கபிலமாகிவிடுகிறது. முன்னர் இதற்கு நீலச் சாயம் தெளித்துப் பார்ப்பார்களாம். சுருக்குக் கம்பியால் அந்தத் திட்டை அங்கேயே எடுத்தார், நோகவில்லை.

என்பிஐ என்பது ஒலிம்பஸ் மெஷினில் உள்ள பெயர். ஃபுஜிஃபில்மில் பிஎல்ஐ, பென்டக்ஸில் ஐ-ஸ்கேன். திகதி எடுக்கும்போதே என்ன மெஷின் என்று நேர்ஸிடம் கேளுங்கள், கவுண்டரில் கேட்டுப் பிரயோசனமில்லை. ஆனால் லைட் இடத்தைத்தான் காட்டும், அது என்ன என்று உறுதியாகச் சொல்வது, வெட்டி எடுத்ததைச் சோதித்துத் தரும் பயோப்சி ரிப்போர்ட். அதை எடுக்கப் போன மகனிடம் ஒரிஜினல் துண்டு இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள், நல்ல காலம் அது பைலுக்குள்ளேயே இருந்தது. அடினோமா என்கிற சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை என்று வந்தது. வீட்டில் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

தாளின் இரண்டு பக்கத்தையும் தமிழில் எழுதி டைப் அடித்து மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். நேர்ஸ் வாங்கிப் படித்துவிட்டு, கவுண்டருக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாராம்.