வீடு இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தா நீங்களும் கூடவே நடங்க

கட்டின வீடு வாங்கப் போறேன்னு யார் சொன்னாலும் நான் கேக்கற முதல் கேள்வி, கட்டடத்தை யாராவது முழுசா பாத்தாங்களான்னுதான். உடனே "பேங்க் இன்ஜினியர் வந்து பாத்துட்டாருங்க"ன்னு பதில் வரும். அவரு வந்தது பேங்க்குக்காக, உங்களுக்காக இல்ல. நாளைக்கு கடன் நின்னுபோனா இந்த வீட்டை என்ன விலைக்கு விக்கலாம்ங்கறதுதான் அவரோட கணக்கு, அளவு, பிளான், வயசு, ஏரியா ரேட்டு எல்லாம் குறிச்சுட்டு நாலு போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுவாரு. வக்கீல் பத்திரம், பட்டா, வில்லங்கம் பாப்பாரு. பாத்ரூம் செவுத்துல ஓதம் ஏறியிருக்கா, பீம்ல கம்பி துருப்பிடிச்சிருக்கான்னு பாக்கறது இவங்க ரெண்டு பேரோட வேலையும் கிடையாது.

அமெரிக்காவுல எல்லாம் அக்ரிமென்ட் போட்டதுக்கும் ரிஜிஸ்டர் பண்றதுக்கும் நடுவுல வீட்டு இன்ஸ்பெக்‌ஷன் பண்றது சாதாரண பழக்கம். நம்ம ஊர்ல சட்டப்படி கட்டாயம் இல்ல, அதனால நாமளே கேட்டு நாமளே காசு குடுத்து கூட்டிட்டு வரணும். ஓசூர், பெங்களூர் பக்கம் இதையே தொழிலா பண்றவங்க இருக்காங்க, இல்லன்னா அனுபவம் இருக்கற சிவில் இன்ஜினியர் ஒருத்தரை மீட்டரெல்லாம் வெச்சிருக்காரான்னு கேட்டுட்டு கூப்பிடுங்க. புரோக்கர் கூட்டிட்டு வர்ற ஆள் வேண்டவே வேண்டாம். பாத்த குறையை நானே சரி பண்ணித் தர்றேன்னு கான்ட்ராக்ட் பேசறவரும் வேண்டாம், ஏன்னா குறை பெருசா இருந்தாதான் அவருக்கு வேலை.

எங்க அக்கா வீட்டுக்காரரு கிருஷ்ணகிரில ஒரு பழைய வீடு பாத்தாரு. இன்ஜினியர் வர்ற அன்னிக்கு நானும் போனேன். அவரு கதவைத் திறந்து உள்ள போகல, முதல்ல வீட்டைச் சுத்தி நடந்தாரு, அப்புறம் மொட்டை மாடி. தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எங்க தேங்கின கறை இருக்கு, கைப்பிடிச் செவுரும் தளமும் சேர்ற மூலையில வெடிப்பு இருக்கா, இதையெல்லாம் பாத்துட்டு தட்டோட்டுல ஒரு கம்பியால தட்டிக்கிட்டே போனாரு. நல்லா ஒட்டின இடத்துல கெட்டியா சத்தம் வரும், அடியில கலவை விட்டுப்போன இடத்துல டொப்புன்னு கேக்கும், ரெண்டு தடவை கேட்டா நமக்கே வித்தியாசம் பிடிபட்டுடும்.

கீழ வந்தா ஹால்ல மூணு செவுத்துக்கு பழைய பெயிண்ட், ஒரு செவுத்துக்கு மட்டும் புதுசு. அவரு நேரா அங்க போய் தரையில இருந்து முழங்கால் உசரம் வரைக்கும் ஈரம் பாக்கற மீட்டரை வெச்சுக்கிட்டே நகந்தாரு, ஒரு இடத்துல ரீடிங் சட்டுன்னு ஏறுச்சு. அதுக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். தெர்மல் கேமராவுல பாத்தா அதே இடம் நீலமா தெரிஞ்சுது. மாமா உடனே "தண்ணி லீக்கு கேமராவுலயே தெரியுதே தம்பி"ன்னாரு. இன்ஜினியர் பொறுமையா சொன்னாரு, "கேமரா ஈரத்தைப் பாக்காதுங்க சார், சூடு கம்மியா இருக்கற இடத்தைத்தான் காட்டும், ஏசி காத்து படற செவுரும் இப்படித்தான் தெரியும், அதனாலதான் மீட்டரையும் வெச்சுப் பாக்கறோம்." நான் கூடவே நடங்கன்னு சொல்றது இதுக்குத்தான். ரிப்போர்ட்ல அந்த நீலப் படம் மட்டும் வந்திருந்தா பயந்திருப்போம், இல்லன்னா புரியாம விட்டிருப்போம். பாத்ரூம்ல டைல்ஸ் ஜாயின்ட் விட்டுப்போய் அடியில தண்ணி நிக்குது, ஜாயின்ட்டை மட்டும் அடைச்சா பத்தாது, தரையைக் கிளப்பி வாட்டர்புரூஃபிங் புதுசா பண்ணணும்னு அங்கயே நின்னு விளக்கினாரு.

விரிசல் விஷயத்துல நல்ல நேரம் எடுத்துக்கச் சொல்லுங்க. நமக்கு எல்லா விரிசலும் ஒண்ணுதான், ஒண்ணு எல்லாத்துக்கும் பயப்படுவோம், இல்ல எதுக்குமே பயப்பட மாட்டோம். பூச்சுல வலை மாதிரி முடி கனத்துக்கு ஓடறது பெரும்பாலும் பூச்சு காயும்போது சுருங்கினது, பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சா போச்சு. பில்லரும் செங்கல் செவுரும் சேர்ற இடத்துல நேர்கோடா வர்றது ரெண்டும் வேற வேற பொருள்ங்கறதால வர்றது, பூசும்போது கோழிவலை அடிச்சிருந்தா அவ்வளவா வந்திருக்காது. மேல்மாடியில தளத்துக்கு கொஞ்சம் கீழ படுக்கைவாட்டுல ஓடற விரிசல் நம்ம வெயிலால வர்றது, கான்கிரீட் பகல்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கும்போது செவுத்தையும் சேத்து இழுக்குது. ஆனா ஜன்னல் மூலையில ஆரம்பிச்சு சாய்வா, செங்கல் வரிசையைத் தொட்டு படிக்கட்டு மாதிரி இறங்கி, ஒரு முனையில அகலமாகிட்டே போகுதுன்னா, செவுத்தோட மறுபக்கமும் அதே இடத்துல தெரியுதுன்னா, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். பீம், பில்லர்ல கம்பி ஓடற திசையிலயே விரிசல் விழுந்து துரு கலர்ல கறை இருந்தா அதுவும் லேசுப்பட்டது இல்ல. துருப்பிடிச்ச கம்பி பருத்து மேல இருக்கற கான்கிரீட்டை வெளிய தள்ளிடும். கம்பிக்கு மேல கான்கிரீட் கவரிங் எவ்வளவு குடுக்கணும்னு ஐ.எஸ் 456ங்கற கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக் குறிப்புல இருக்கு, ஸ்லாப்புக்கு குறைஞ்சது 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40. சென்ட்ரிங் பண்ணும்போது, கம்பியைப் பலகையில ஒட்டாம தூக்கி நிறுத்தற கவர் பிளாக்கை வெக்காம விட்டுடறாங்க, பல வருஷம் கழிச்சு சீலிங்ல கம்பி தெரியறது அதனாலதான்.

கான்கிரீட்டை ரீபவுண்ட் ஹேமர் வெச்சு அடிச்சுப் பாப்பாங்க. அது மேல்பரப்பு எவ்வளவு கெட்டின்னுதான் சொல்லும், பூச்சு மேல வெச்சு அடிச்சா அர்த்தமே இல்ல, பழைய கான்கிரீட்ல மேல்தோல் இறுகிப்போய் நம்பர் கூடவும் காட்டும். அந்த ஒரு நம்பரை மட்டும் நம்பி வீட்டை வாங்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

கரண்ட்டுல பாக்கறது சீக்கிரம் முடிஞ்சுடும் ஆனா உயிர் சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு பிளக் பாயின்ட்லயும் டெஸ்டர் சொருகி எர்த் வருதான்னு பாக்கணும், மூணு ஓட்டை இருக்கறதால எர்த் இருக்குன்னு அர்த்தம் கிடையாது. கரண்ட் கசிஞ்சா உடனே சப்ளையைத் துண்டிக்கற ஆர்.சி.சி.பி இருக்கா, 30 மில்லி ஆம்பியர்தானா, டெஸ்ட் பட்டனை அமுக்கினா விழுதான்னு பாக்கணும். நம்ம பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை, பாறை மண்ணுல எர்த் சரியா கிடைக்காது, கோடையில எர்த் குழி காஞ்சுபோனா இன்னும் மோசம், அதனால எர்த் ரெசிஸ்டன்ஸ் மீட்டர் வெச்சு அளக்கச் சொல்லிக் கேளுங்க. தண்ணிக்கு எல்லா குழாயையும் ஒரே நேரத்துல திறந்து பாக்கறது, ஃப்ளஷ் அடிக்கறது, பாத்ரூம்ல ஒரு பக்கெட் ஊத்தி ஓட்டம் பாக்கறதுன்னு ஓடிடும்.

முடிஞ்சா நம்ம ஐப்பசி, கார்த்திகை மழை அப்பவோ முடிஞ்ச உடனேயோ வெச்சுக்கோங்க, ஒழுகல் மறைக்க முடியாத நேரம் அதுதான். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ஏரிக்குக் கீழயோ ஓடைப் பக்கமோ வீடு பாக்கறீங்கன்னா அப்ப தண்ணி எவ்வளவு உசரம் நின்னுதுன்னு தெருவுல விசாரிங்க, வெளிச் செவுத்துல கறை கோடு இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க.

எதையும் உடைக்காம கண்ணாலயும் மீட்டராலயும் பாக்கறதுதான் இந்த வேலை. செவுத்துக்குள்ள இருக்கற பைப், டைல்ஸுக்கு அடியில, அஸ்திவாரத்தோட ஆழம், போர்ல கோடையில தண்ணி நிக்குமா, இதெல்லாம் அவரால உறுதியா சொல்ல முடியாது. வீடு பாஸா ஃபெயிலான்னும் சொல்ல மாட்டாரு. குறை இல்லாத வீடே கிடையாது, எது உடனே செய்யணும், எது ரெண்டு வருஷம் தாங்கும், எது அழகுக்கு மட்டும்னு பிரிச்சு போட்டோவோட எழுதித் தரச் சொல்லுங்க. மாமா அந்த பாத்ரூம் பக்கத்தை அப்படியே ஓனர் பெரியவர்கிட்ட காட்டினாரு, சண்டை இல்லாம ரிப்பேர் செலவை விலையில கழிச்சுக்கிட்டாங்க.

ஆனா குடிக்கற தண்ணியோட தரம் மட்டும் இன்ஸ்பெக்‌ஷன்ல வரும்னு நெனச்சு விட்டுடாதீங்க. தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு மொத்தம் எவ்வளவுன்னு டி.டி.எஸ் மீட்டர் வெச்சு ஒரு நம்பர் சொல்லுவாங்க, அதுல ஃப்ளோரைடு எவ்வளவுன்னு தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணியில ஃப்ளோரைடு பழைய பிரச்சனை, பல்லுல கறை விழறதுல இருந்து எலும்பு வரைக்கும் பாதிக்கும், கொதிக்க வெச்சாலும் போகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கறது நல்லது, வேற வழி இல்லாத இடத்துல 1.5 வரைக்கும்தான். ஒரு பாட்டில்ல போர் தண்ணி பிடிச்சு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல தனியா டெஸ்ட் பண்ணிக்கோங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான், நீங்க பாக்கற வீட்டுக்கு அந்த கனெக்‌ஷன் இருக்கா, தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடறாங்கன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டுட்டு, அதுவரைக்கும் தாங்கற அளவுக்கு சம்ப் இருக்கான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.