லைனர் லாக் செய்கிறேன்: இதுவரை வந்த இடம்

மடக்குக்கத்திகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது போய், இப்போது திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டையே சொந்தமாகச் செய்யும் கட்டத்துக்கு வந்திருக்கிறேன். எடுத்துக்கொண்டது லைனர் லாக். கூர் தீட்டப்போவதில்லை; அலகு வெறும் 3 மி.மீ. இரும்புப் பட்டை. பூட்டு நிற்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

பூட்டே இல்லாமல் ஓடுகிற கத்திகளும் உண்டு. ஜப்பானின் ஹிகோனோகாமியில் அலகின் அடியிலிருந்து ஒரு வால் நீண்டிருக்கும். அதைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் அலகு நிற்கும். சுவிஸ் ராணுவக் கத்தியின் பல மாடல்களில் முதுகு ஸ்பிரிங் அலகை இழுத்து வைக்குமே தவிர பூட்டாது. பிரான்சின் ஒப்பினெல் 1890இல் பிறந்தது. அதன் திருகு வளையம் 1955இல்தான் வந்தது. திருப்பினால் பூட்டு, மறுபடி திருப்பினால் திறப்பு. என்னைக் கேட்டால் இதைவிட நேர்மையான பூட்டு கிடையாது. ஆனால் திருப்ப இன்னொரு கை வேண்டும். லைனர் லாக்குக்கு ஒரு கை போதும்.

பிடியின் உட்புறத் தகட்டில் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டிய நாக்கை உள்பக்கமாக லேசாக வளைத்தால் அதுவே ஸ்பிரிங். அலகு முழுக்கத் திறந்ததும் நாக்கு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்கு முட்டுக் கொடுக்கும். யோசனை பழையதுதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர்தான் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

வேலையெல்லாம் நாக்கு முட்டும் அந்த முகத்தில்தான். அலகின் அடியை நேராக வெட்டாமல் 8 டிகிரி அளவில் சாய்த்து அராவ வேண்டும். ஏன் 8? சாய்வு கூடினால் அழுத்தும்போது நாக்கு வழுக்கி வெளியே ஓடிவிடும். குறைந்தால் இறுகிக்கொண்டு மடக்கவே விடாது. 8 டிகிரியின் டேன்ஜென்ட் 0.14. உலோகத்தோடு உலோகம் உரசும்போது கிடைக்கும் உராய்வு கிட்டத்தட்ட அந்த அளவைத் தாங்கும். ஆக, கத்தி மடங்காமல் காப்பது உராய்வு. தகடு தடியாக இருந்தால் பூட்டு பலம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். முட்டும் முகத்தில் எண்ணெய் விடக்கூடாது என்பதும் இதனால்தான்.

அராவும்போது மார்க்கர் பேனா பெரிய உதவி. முகம் முழுக்கக் கறுப்பு மை பூசி, ஒருமுறை திறந்து மூடினால் நாக்கு தொட்ட இடத்தில் மட்டும் மை அழிந்து இரும்பு பளபளக்கும். தொடக்கத்தில் மேல் மூலையில் ஒரு புள்ளிதான் தெரிந்தது. நாக்கு தொடும் இடம் அலகு சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நெம்புதூரம் கூடுவதால் நாக்கின் மேல் விழும் சுமை குறையும். அதனால் மேல் மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மை பூசி, பார்த்து, மறுபடி தேய்த்து... பொறுமைக்குச் சோதனைதான். இப்போது கீழே மெல்லிய கோடாக மை அழிகிறது. நாக்கு அலகின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கிறது. தேயத் தேய உள்ளே நகர இன்னும் இடம் இருக்கிறது.

அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்திப் பார்த்தேன். நகரவில்லை. இடவலமாக ஒரு மயிரிழை ஆட்டம் மட்டும் இருக்கிறது. பித்தளை வாஷரை எமரித் தாளில் சமப்படுத்தினால் சரியாகும்.

அப்புறம் டிடென்ட் குண்டு. மூடியிருக்கும் கத்தி பைக்குள் தானாகத் திறக்காமல் பிடிப்பது நாக்கில் பதித்த இந்தச் சின்னக் குண்டுதான். அலகில் அதற்கான குழியை நேர் மையத்தில் போடக்கூடாது. குண்டு குழியின் ஓரத்தில் தொங்கினால்தான் அலகை உள்ளே இழுத்தபடி இருக்கும். 1.5 மி.மீ. பேரிங் குண்டு கைவசம் இருக்கிறது. துளை போட நல்ல டிரில் பிட்தான் தேட வேண்டும். இந்த ஸ்டெயின்லெஸ் தகடு சாதா பிட்டுகளைத் தின்றுவிடுகிறது.