அம்மாவோடு உஸ்பெகிஸ்தானில்: சில நாட்குறிப்புகள்

அக்டோபர் 9, தாஷ்கண்ட்

மெட்ரோவில் அம்மா ஏறியதுமே உட்கார்ந்திருந்த பையன்கள் எழுந்துவிட்டார்கள். யாரும் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளவில்லை. 1977இல் ஓடத் தொடங்கிய இந்த மெட்ரோவில் 2018 வரை படம் எடுக்கத் தடை. இன்று அலிஷேர் நவாயி நிலையத்தில், எங்கே நின்றால் குவிமாடங்கள் படத்தில் நன்றாக விழும் என்று காவலரே வந்து காட்டினார்.

மாலையில் நம் முன்னாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியின் சிலைக்குப் போனோம். 1966 ஜனவரியில் பாகிஸ்தானுடனான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரவு முடிவதற்குள் அவர் இந்த ஊரில்தான் இறந்துபோனார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அக்டோபர் 11, சமர்கண்ட்

ரெகிஸ்தான் என்ற பழைய சதுக்கத்தின் மதரசாக்களை நிமிர்ந்து பார்க்கவே நேரம் கிடைக்கவில்லை. அம்மாவின் சுங்குடிச் சேலையைப் பார்த்து, வெளியூர்களிலிருந்து வந்திருந்த உஸ்பெக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் நெஞ்சில் கைவைத்து வணக்கம், அப்புறம் போனைக் காட்டி அனுமதி. இந்தியா என்றதும் பெரியவர்கள் ராஜ் கபூர் என்கிறார்கள், நடுவயதுக்காரர்கள் மிதுன் சக்கரவர்த்தி, இளசுகள் ஷாருக் கான். சோவியத் காலத்தில் இந்திப் படங்கள் போட்ட அடித்தளம் அது. ஒரு பாட்டி இந்திப் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடினார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. கடைசிவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

தஞ்சாவூர் பெரிய கோயிலில் வெளிநாட்டுப் பெண்களைச் சூழ்ந்து, கேட்காமலே செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இங்கே கேட்டார்கள். அம்மா களைத்துத் தலையசைத்ததும் விலகிப் போனார்கள்.

அக்டோபர் 12, சமர்கண்ட்

தங்கியிருக்கும் வீட்டம்மா மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். விருந்தாளிக்கு வாசலிலிருந்து தள்ளியிருக்கும் இடம்தான் மரியாதை. அம்மாவை அங்கே மெத்தை போட்டு உட்காரவைத்தார்கள். ரொட்டியில் கத்தி படவில்லை. வீட்டுப் பெரியவர் கையால் பிய்த்துப் பங்கிட்டார்.

தேநீரைப் பியாலாவில், அதாவது கைப்பிடியில்லாத கிண்ணத்தில், ஊற்றி, திரும்பக் கூஜாவிலேயே கொட்டி, இப்படி மூன்று தடவை செய்த பிறகுதான் கொடுத்தார்கள். அதுவும் பாதிக்குக் குறைவாக. அம்மாவின் முகம் வாடியது. குறைத்து ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று அர்த்தம், நிறைய ஊற்றினால்தான் கிளம்பலாம் என்பதை வீட்டம்மாவின் மகன் விளக்கினான். அதற்கப்புறம் அம்மா ஒவ்வொரு பியாலாவையும் ஆசையாக வாங்கிக்கொண்டார்.

நாங்கள் கறி சாப்பிட மாட்டோம் என்று நேற்றே சொல்லியிருந்தேன். அது முக்கியம். சமைத்து முடித்த பிறகு சொன்னால் இவர்கள் மனம் நொந்துபோவார்கள். பூசணிக்காய் சம்சா, தக்காளி வெங்காய சாலட், முலாம்பழம், திராட்சை, வாதுமை என்று விரிப்பு நிறைந்துவிட்டது. ஆனாலும் கறி சேர்த்த பிலாவ் சோறு போட முடியவில்லையே என்று வீட்டம்மாவுக்குக் கடைசிவரை குறை.

எனக்கு உறுத்தியது வேறு. மருமகள் பரிமாறிக்கொண்டே இருந்தாள், ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. வந்தவர்களை இவ்வளவு அருமையாகக் கவனிக்கும் பழக்கத்தின் பாரம் இங்கேயும் வீட்டின் இளைய பெண்மேல்தான் விழுகிறது. அம்மா அவளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சிரித்துவிட்டு, தேநீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 14, புகாரா

ரயில் நிலையத்தில் ஒரு டாக்சிக்காரர் வாய்க்கு வந்த வாடகை கேட்டார். வெளிநாட்டுக்காரர் என்றால் விலை ஏறுவது இங்கேயும் உண்டு. பக்கத்தில் நின்ற வயதான ஓட்டுநர் அவரைக் கடிந்துகொண்டு, எங்கள் பெட்டியைத் தன் வண்டியில் ஏற்றினார். ஆப் காட்டிய தொகையைத்தான் வாங்கினார். வழியெல்லாம் கேள்விகள்: கல்யாணமாகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், சம்பளம் என்ன. நம் ஊர் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் விசாரிப்பது போலவே இருந்தது. போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்கச் சொன்னார்.