கேக்குது, ஆனா புரியல

"காது நல்லாத்தான் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் அதிகம் கேட்ட புகார் இதுதான். ஆரம்பத்தில், வெளிச்சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, பீப் ஒலி கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லி, அவர்களுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியின் அளவு 25 டெசிபலுக்குள் இருந்தால் "நார்மல்தான்" என்று அனுப்பிவிடுவேன். அவர்கள் முகத்தில் நிம்மதி வராது. அந்த அறைக்குள்ளேயா குடும்பம் நடத்துகிறார்கள்?

அப்புறம்தான் இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்க வைக்கும் சோதனையையும் செய்ய ஆரம்பித்தேன். பின்னணியில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள், அதற்கு மேல் ஒரு குரல் வாக்கியம் சொல்லும், காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் பேச்சு இரைச்சலைவிட 25 டெசிபல் ஓங்கி இருக்கும், ஐந்தைந்தாகக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் இரண்டும் சமம். கல்லூரிப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்துக்குப் பக்கத்தில்தான் தடுமாறுவார்கள்.

எழுபது தாண்டிய ஒரு ரிட்டையர்டு கண்டக்டர் வந்தார். "காது மிஷின் போட்டா பஸ் ஸ்டாண்டே காதுக்குள்ள வந்துடுதும்மா" என்றார். இரைச்சலில் "பால்" என்று தனிச்சொல்லாகக் கொடுத்தேன், "கால்" என்றார். மறுபடி கொடுத்தேன், "வால்". அதே இரைச்சலில் "மாடு இன்னைக்கு ரெண்டு லிட்டர் பால் கறந்தது" என்று கொடுத்ததும் பட்டென்று சொல்லிவிட்டார். 'ஆ' ஓசை பலமானது, எப்படியும் காதில் விழுந்துவிடும். மெய்யெழுத்துகள் மெலிந்தவை, பலவும் உச்ச சுருதியில் வருபவை. வயதாகும்போது முதலில் குறைவதே அந்த உச்ச சுருதிதான். விடுபட்ட எழுத்தை அவர் மாட்டையும் லிட்டரையும் வைத்து நிரப்பிக்கொண்டார். ஆனால் அது சும்மா வருவதில்லை. பத்து நிமிஷத்தில் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா, அசந்து போச்சு" என்றார். இவர் கல்யாண வீட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கியது.

அதே வாரம் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று. வகுப்பில் கவனிப்பதே இல்லை என்று புகார். பீப் சோதனையில் ஒரு குறையும் இல்லை. இரைச்சல் ஏற ஏற, கண்டக்டர் தாத்தாவைப் போல ஊகிக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். நிரப்பிக்கொள்ள அவளிடம் இன்னும் அவ்வளவு மொழி சேரவில்லை. பலர் பேசும் சத்தத்திலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் திறன் பதின்வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள். தலைக்கு மேல் ஃபேன் கடகடக்க, தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு ஒப்பிக்க, அது எங்கே கிடைக்கும்? குழந்தையைக் கவனமில்லாதவள் என்று முத்திரை குத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலை விட்டுத் தள்ளி, முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள் என்று ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்தேன்.

கண்டக்டரின் மனைவி, தாளில் நான் குறித்திருந்த கால், வால் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தார். "மிக்ஸி ஓடும்போது கூப்பிட்டா திரும்பவே மாட்டார், வேணும்னே பண்றார்னு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "மிக்ஸிய நிறுத்திட்டு, கிட்டப் போய் முகத்தைப் பாத்துச் சொன்னா புரியுமாம்மா?" என்று கேட்டார். இப்போதைவிட நிச்சயம் நன்றாகப் புரியும் என்றேன்.