மழைக்காலக் காய்ச்சலும் மருந்துக்கடையும்

நவம்பர் 4

மழை விட்டதும் காய்ச்சல்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். "தம்பி, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது, காம்பிஃப்ளாம் ரெண்டு குடு" என்றார் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். நேற்றிலிருந்து காய்ச்சலாம். அந்த மாத்திரையில் பாராசிட்டமால் 325 மில்லிகிராமோடு இபுபுரோஃபென் 400 மில்லிகிராமும் இருக்கிறது. வலி நன்றாகக் கேட்கும். ஆனால் வந்திருப்பது டெங்குவாக இருந்தால்? டெங்குவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும். மிச்சம் இருப்பவற்றையும் சரியாக வேலை செய்யவிடாது இபுபுரோஃபென், வயிற்றையும் புண்ணாக்கும். ரத்தக்கசிவுக்கு வேறென்ன வேண்டும்? ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எல்லாம் இதே வகைதான். "டெங்கு இல்லைன்னு தெரியற வரைக்கும் வெறும் பாராசிட்டமால் போடுங்கண்ணே, நிறைய தண்ணி குடிங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க" என்றேன். காய்ச்சல் இறங்கும்போது வயிற்றுவலியோ விடாத வாந்தியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். டெங்குவில் ஆபத்தான கட்டமே அதுதான்.

நவம்பர் 5

பாராசிட்டமாலை மிட்டாய் மாதிரி போடுகிறார்கள், மனசு பதறுகிறது. டோலோ 650 போட்டுக்கொண்டே இடையில் சளி மாத்திரையும் போட்டிருக்கிறார் ஓர் அக்கா. பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால்தான் இருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. 650 மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். குடிப்பழக்கமோ ஈரல் நோயோ இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். அளவு மீறினால் ஈரல் கெடும்; முதல் நாள் பெரிதாக ஒன்றுமே தெரியாது என்பதுதான் பயமே.

நவம்பர் 7

குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் கொடுக்க எடைதான் கணக்கு: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. பாட்டில் மாறினால் அளவும் மாறும், லேபிளைப் பாருங்கள். குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ரேய் சிண்ட்ரோம் வந்து மூளையையும் ஈரலையும் தாக்கலாம். நிமுசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்தை 12 வயதுக்குக் கீழே கொடுக்க 2011லேயே இந்தியாவில் தடை வந்தது.

நவம்பர் 10

இபுபுரோஃபென் கெட்ட மருந்து இல்லை. பல்வலி, மாதவிடாய் வலிக்குப் பாராசிட்டமாலைவிட அதுதான் நன்றாகக் கேட்கும், வீக்கத்தையும் குறைக்கும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். இன்று முட்டிவலிக்கு அதைக் கேட்ட தாத்தா, இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் 75 போடுபவர். அந்த ஆஸ்பிரினின் பலனை இபுபுரோஃபென் தடுக்கக்கூடும். டாக்டரிடம் கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லி, தடவுகிற தைலம் மட்டும் கொடுத்தேன்.