தியேட்டருக்குள்ள வாய் திறக்கப் பழகினது

லீவுக்கு ஊருக்கு வந்து கல்லடியில அக்காட வீட்டில நிக்கிறன். அக்காட மகளும் என்னப்போல ஒப்பரேசன் தியேட்டர் நேர்ஸ்தான், இங்கிலாந்துக்கு வெளிக்கிட எண்டு ஓஈரி எண்ட இங்கிலீசுச் சோதினைக்குப் படிக்கிறாள். நேற்றுப் பின்னேரம் முத்தத்தில ரீ குடிக்கக்குள்ள கேட்டாள், "சித்தி, அங்க போய் என்னத்துக்கு ஆகலும் கஷ்டப்பட்ட நீங்க, இங்கிலீசுக்கா?" எண்டு. இங்கிலீசு பழகிரும் புள்ள, நிப்பாட்டுங்க எண்டு சொல்லத்தான் கஷ்டப்பட்டன் எண்டன்.

ஊர்ல ஏழு வருசம் ஸ்க்ரப் பண்ணினவள் நான், அதாவது ஒப்பரேசனில சேர்ஜனுக்குச் சாமான் எடுத்துக் குடுக்கிறவள், சேர் கைய நீட்ட முதல் சாமான் கையில இருக்கும், ஆனா சேருக்கு முன்னால வாய் திறந்து பழக்கமில்ல. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டுவந்த ஒப்பரேசன் சேஃப்டி செக்லிஸ்ட் எனக்குப் புதுசில்ல, 19 விசயம், நாங்க அத தாளில அடையாளம் போடுறதோட சரி. அங்க ஒஸ்கி எண்ட செய்முறைச் சோதினை பாஸ் பண்ணி, நேர்ஸ்மாரப் பதியிற என்எம்சியில பதிவும் வந்து வேலைக்குப் போனா, விடிய முதல் கேஸுக்கு முன்ன எல்லாரும் கூடி நிண்டு பேரையும் வேலையையும் சொல்லணும், கன்சல்டன்ற் சேர்ஜனும் சொல்லுறார், சப்போர்ட் வேர்க்கரும் சொல்லுறா. என்ட முறை வரக்குள்ள எனக்குச் சத்தமே வரல்ல.

மூணாம் மாசம் ஒரு வயித்துக் கேஸ். மூடப்போற நேரம் எண்ணினா ரத்தம் ஒத்துற ஸ்வாப் துணியில ஒண்டு குறையுது. அங்க அஞ்சஞ்சாக் கட்டி வரும், அஞ்சஞ்சா எண்ணுறது, அதால பிழை உடன தெரியும். சேர்ஜன் தைக்கிறதுக்குக் கைய நீட்டினார், எனக்குத் தெரியும் குடுக்கக்கூடா எண்டு, கை தன்பாட்டில குடுத்திட்டுது. என்னோட எண்ணின ஓடிபி புள்ளதான், நேர்ஸில்ல, தியேட்டர் வேலைக்கெண்டே படிச்சவள், அவள்தான் "ஸ்டொப், கவுண்ட் சரியில்ல" எண்டாள். நோயாளியப் போத்தியிருந்த ட்ரேப் துணி மடிப்புக்குள்ள கிடந்திச்சு. ஒருத்தரும் ஏசல்ல, ஆனா வீட்ட போய் விடிய விடிய நித்திரையில்ல, அது வயித்துக்குள்ள கிடந்திருந்தா?

அடுத்த நாள் எங்களுக்கு வேலை பழக்கிற பிரக்டிஸ் எடியுகேற்றர் என்னக் கூப்பிட்டு இருத்தி ஏன் வாய் வரல்ல எண்டு மட்டும் கேட்டா. பெரியாக்கள மறிச்சுப் பேசக்கூடா எண்டு வளந்தனாங்க எண்டன். மறுகா அவ என்ன ஆளில்லாத தியேட்டருக்குள்ள கூட்டிப்போய், தான் சேர்ஜனா நிண்டு கைய நீட்டி நீட்டி, நான் நிப்பாட்டச் சொல்லுற வரைக்கும் விடல்ல. ரெண்டு கிழமை இதே வேலை. அந்த மனிசிய நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்.

அத எழுதிவெச்சதுதான், என்எம்சி பதிவப் புதுப்பிக்கிற ரீவலிடேசனுக்கு என்ட முதல் ரிஃப்ளெக்சன், நடந்தத யோசிச்சு எழுதுறது. 3 வருசத்துக்கு ஒருக்கா 35 மணித்தியாலம் படிச்சதுக்குக் கணக்குக் காட்டணும், அதில 20 மணித்தியாலம் மத்தாக்களோட சேந்து படிச்சதா இருக்கணும், அஞ்சு ரிஃப்ளெக்சனும் எழுதணும். நம்மட ஆக்கள் இத வெறும் பேப்பர் வேலை எண்டு நினைக்கிற, எனக்கு அது சரியாப் படல்ல. அந்த 20க்காகத்தான் ஏஎஃப்பிபி எண்ட சங்கத்தில சேந்தன், 1964ல தியேட்டர் நேர்ஸ்மார் தொடங்கினது, இப்ப ஓடிபியும் சேரலாம், அங்கதான் என்னப்போல வாய் வராத கேரளாப் புள்ளையளையும் பிலிப்பைன்ஸ் புள்ளையளையும் கண்டன்.

இதெல்லாம் கேட்டுப்போட்டு மகள் எழும்பி நிண்டாள். நான் சேர்ஜன் மாதிரிக் கைய நீட்டினன். "கவுண்ட் சரியில்ல" எண்டாள், எனக்கே கேக்கல்ல. திரும்ப நீட்டினன். நாலாந்தரம் அவள் சொன்ன சத்தத்துக்கு அக்கா குசினிக்குள்ள இருந்து ஓடி வந்திட்டா.